ட்ரிக்லாவ் ஏரிப் பள்ளத்தாக்கு: விடுதிவிட்டு விடுதி நடக்கத் திட்டம் போட்ட கதை

ஏழு ஏரிகள் வரிசையாக இருக்கிற பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம், அங்கே தண்ணீர்தான் பெரிய கணக்காக இருக்கும் என்று யாருக்கும் முதலில் தோன்றாது. ஸ்லோவேனியாவின் ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவில் ஏரிகளை ஒட்டி நடந்து, 2,864 மீட்டர் உயரமுள்ள ட்ரிக்லாவ் உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி வருகிற பாதையை நானும் என் மைத்துனரும் இந்த செப்டம்பரில் முடித்தோம். திட்டம் பெரும்பாலும் போட்டபடியே நடந்தது. எந்த முடிவை எதை வைத்து எடுத்தோம், எதை மாற்ற வேண்டியிருந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே பாதைக்குப் போகிறவர்களுக்கு நேரடியாகவும், வேறு ஆல்ப்ஸ் பாதைக்குப் போகிறவர்களுக்கு முறையாகவும் உதவும்.

முதலில் வரைபடம். ஸ்லோவேனிய மலையேற்றச் சங்கம் வெளியிடும் 1:25,000 அளவு ட்ரிக்லாவ் வரைபடத்தை வாங்கினோம். அந்த நாட்டில் பாதைகளை எளிது, கடினம், மிகக் கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வரைபடத்தில் முழுக்கோடு எளிது, விட்டுவிட்டு வரும் கோடு கடினம், புள்ளிக்கோடு மிகக் கடினம். கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். தரையில் குறியீடு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: சிவப்பு வளையம், நடுவில் வெள்ளைப் புள்ளி. பாறையில், மரத்தில், சில இடங்களில் காலடிக் கல்லிலேயே வரைந்திருப்பார்கள்.

வரைபடத்தை மேசையில் விரித்து, தங்கக்கூடிய விடுதிகளை உயரத்தோடு பென்சிலால் எழுதினேன். ஏரிக்கரை விடுதி 1,685. பள்ளத்தாக்கின் மேல் முனையில் ப்ரெஹோடாவ்சி 2,071. ஹ்ரிபாரிட்சே கணவாய்க்கு அப்பால் டோலிச் 2,151. உச்சிக்குக் கீழே தெற்குப் பக்கம் பிளானிகா 2,401. வடகிழக்கில் கிரெடாரிட்சா 2,515. அந்த நாட்டிலேயே உயரமான மலை விடுதி அது. இறங்கும் வழியில் வோட்னிக் விடுதி 1,817. பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. அதனால் இந்த ஆறு எண்களுக்குள்தான் பயணம் அடங்கியாக வேண்டும்.

அடுத்து நேரம். ஜெர்மன் மொழி பேசும் மலைநாடுகளில் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் ஏறலாம், அல்லது 500 மீட்டர் இறங்கலாம், அல்லது சமதளத்தில் 4 கிலோமீட்டர் நடக்கலாம். ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும், தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போட்டு, பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். சாவிட்சா அருவிக்குக் கீழே சுமார் 650 மீட்டரில் தொடங்கி ஏரிக்கரை விடுதிக்கு ஏறினால் 1,035 மீட்டர் ஏற்றம். அதற்கு 3 மணி 27 நிமிடம். தூரத்தை 6 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மணி, அதில் பாதி 45 நிமிடம். மொத்தம் 4 மணி 12 நிமிடம். நின்று சாப்பிடுவது, படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எதுவும் இதில் கிடையாது. அதற்கு நாங்கள் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டோம்.

இந்தக் கணக்கு நம் காலுக்குப் பொருந்துமா என்று முதலில் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்த மலையில், பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே எடையுள்ள பையோடு 1,000 மீட்டர் ஏறினோம். மைத்துனர் மணிக்கு 340 மீட்டர் போனார், நான் 290. திட்டத்தை 290-க்குப் போட்டோம். இறக்கத்தில் கதை மாறியது. அவருடைய வலது முட்டி 600 மீட்டர் இறங்கியதுமே வலிக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் மெதுவானவர் நான், இறக்கத்தில் அவர். ஒரு நாளுக்கு இறங்கும் உச்ச அளவை 1,300 மீட்டர் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இந்த ஒரு எண்தான் பிற்பாடு எங்கே தங்குவது என்பதை நிர்ணயித்தது.

அதே சோதனை ஏற்றத்தில் தண்ணீரையும் அளந்தோம். கிளம்பும் முன் பாட்டில்களைச் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதிக்கொண்டேன், வந்த பிறகு மறுபடியும் வைத்தேன். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. இதைவிட எளிதான அளவை கிடையாது. மிதமான வெயிலில் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடித்திருந்தேன். மைத்துனர் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் ஆறு மணி நேர நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர், 3 கிலோ.

வழியில் நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழை விழுந்ததும் வெடிப்புகளில் இறங்கி உள்ளே போய்விடும், மேலே ஓடை என்று ஒன்று நிற்பதே அபூர்வம். பனியாறுகள் விட்டுப்போன வண்டலும் நுண்மண்ணும் அடியை அடைத்த குழிகளில் மட்டும்தான் ஏரி தங்கியிருக்கிறது. பள்ளத்தாக்கில் மறையும் நீர் பூமிக்கடியில் பயணப்பட்டு, பல நூறு மீட்டர் கீழே பாறைச்சுவரைத் துளைத்துக்கொண்டு சாவிட்சா அருவியாக 78 மீட்டர் கொட்டுகிறது. ஏரி நீரைக் குடிக்கலாம் என்று திட்டத்தில் எழுதக் கூடாது. இரட்டை ஏரியில் 1990-களின் தொடக்கத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகி, ஏரியின் இயல்பே கெட்டுப் பாசி பிடித்துக் கிடக்கிறது. அதில் குளிக்கவும் தடை. நியாயமான தடை, உடம்பில் பூசிய களிம்பும் வியர்வையும் போதும், அவ்வளவு சிறிய நீர்நிலையைக் கெடுக்க. ஏரிக்கரை விடுதிக்கும் லெட்விட்சா ஏரிக்கும் நடுவில் மோச்சிவெட்ஸ் என்று ஒரு ஊற்று உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல், கிடைத்தால் லாபம் என்று வைத்தோம். மற்றபடி தண்ணீர் என்றால் விடுதியில் விற்கும் பாட்டில்தான். உயரம் கூடக் கூட விலையும் கூடும். பொருள் மேலே போவதே சரக்கு ரோப்காரிலோ ஹெலிகாப்டரிலோதான், அதனால் விலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 யூரோ தண்ணீருக்கும் டீக்கும் மட்டும் ஒதுக்கினோம். அந்த ஒதுக்கீடு சரியாகவே இருந்தது.

சரி, இப்போது முதல் வரைவு. ஏரிக்கரை விடுதியில் ஒரு இரவு, மறுநாளே ஹ்ரிபாரிட்சே கணவாய் தாண்டி உச்சிக்கு ஏறி, கிரெடாரிட்சாவில் இரண்டாவது இரவு. காகிதத்தில் அழகாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,685-லிருந்து கணவாய் 2,358, ஏற்றம் 673 மீட்டர். டோலிச்சுக்கு 207 மீட்டர் இறக்கம். தூரம் சுமார் 8 கிலோமீட்டர். சூத்திரப்படி 3 மணி 40 நிமிடம். டோலிச்சிலிருந்து உச்சி இன்னும் 700 மீட்டருக்கு மேல், அதுவும் இரும்பு வடம் கட்டிய பாறையில். ஓய்வையும் சேர்த்தால் காலை ஏழுக்குக் கிளம்பியும் உச்சியில் நிற்கும்போது மதியம் மூன்று மணியைத் தாண்டிவிடும். கோடையில், ட்ரிக்லாவ் இருக்கும் ஜூலியன் ஆல்ப்ஸில் இடி மின்னல் வருகிற நேரமே அதுதான். உச்சிக்குக் கீழே உள்ள முகட்டில் பெரும்பாலும் இரும்பு வடம். மின்னலடிக்கும்போது மனிதன் இருக்கவே கூடாத இடம். அந்த வரைவைக் கிழித்துப் போட்டோம்.

இரண்டாவது வரைவில் டோலிச்சில் நிற்காமல் பிளானிகா வரை போய்த் தங்குவது என்று மாற்றினோம். பிளானிகாவிலிருந்து உச்சி 463 மீட்டர்தான். விடியும்போது கிளம்பினால் எட்டு மணி வாக்கில் மேலே இருக்கலாம், கூட்டம் வருவதற்கு முன் கிரெடாரிட்சா பக்கம் இறங்கிவிடலாம். அன்றைக்கே வோட்னிக் விடுதிக்கு இறங்கினால் மொத்த இறக்கம் 1,047 மீட்டர், முட்டிக் கணக்குக்குள் அடங்குகிறது. கடைசி நாள் வெலோ போல்யே மேய்ச்சல்வெளி, வோயே பள்ளத்தாக்கு வழியாக ஸ்டாரா ஃபூஜினா கிராமம் வரை சுமார் 1,270 மீட்டர் இறக்கம். எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில். முட்டி ஒத்துழைக்காவிட்டால் ஸ்டுடோர் கணவாய் வழியாக ருட்னோ போல்யேக்கு இறங்கலாம். அது 1,347 மீட்டரில் இருக்கிறது, அங்கே சாலை வந்துவிடும். இதைத் திட்டத்தின் ஓரத்தில் எழுதி வைத்தோம்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. கோமார்ச்சா என்கிற செங்குத்துச் சுவரில் சாவிட்சாவிலிருந்து கருப்பு ஏரி வரை ஏறும் பாதையில் வடமும் இரும்பு முளைகளும் அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏறும்போது பாறை கண்ணுக்கு முன்னால் இருக்கும். இறங்கும்போது களைத்த காலோடு கீழே பார்த்தபடி தடம் தேட வேண்டும். அதனால் கோமார்ச்சாவை முதல் நாள் ஏறுவதாகப் போட்டோம். மழை வந்தால் அதைத் தொடுவதில்லை. ஸ்டாரா ஃபூஜினாவிலிருந்து வோகார், ஏரி மேய்ச்சல்வெளி என்று பொருள்படும் ப்லானினா ப்ரி யேசெரு வழியாகச் சுற்றிப்போவது. அது நீளம், ஆறு மணி நேரத்துக்கு மேல், ஆனால் வழுக்கும் பாறை இல்லை.

தேதி. ஜூலையில் ஹ்ரிபாரிட்சே பக்கம் பழைய பனி கிடக்க வாய்ப்பு உண்டு, ஆகஸ்டில் எல்லா விடுதியும் நிரம்பி வழியும். செப்டம்பர் கடைசியில் பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள். நடுவில் செப்டம்பர் முதல் பாதி. விலை என்னவென்றால் பகல் குறைகிறது: அந்தச் சமயத்தில் ஆறரைக்குச் சூரியன் உதித்து ஏழரைக்குள் மறைந்துவிடும். வார இறுதியைத் தவிர்த்தோம். உச்சிக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் சனி, ஞாயிறில்தான் வருவார்கள்.

படுக்கைப் பதிவில் ஒரு வரிசை முக்கியம். இடம் கிடைக்கக் கஷ்டமான விடுதியை முதலில் பிடித்து, மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். எங்களுக்கு அது பிளானிகா. அங்கே உறுதி வந்த பிறகுதான் ஏரிக்கரை விடுதிக்கும் வோட்னிக்கிற்கும் எழுதினோம். ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் போன்ற ஏதாவது ஒன்றில் உறுப்பினர் என்றால், பரஸ்பர ஒப்பந்தத்தின்படி ஸ்லோவேனிய விடுதிகளில் படுக்கைக் கட்டணம் பாதிதான். பொதுப்படுக்கை அறைக்கு 30 முதல் 40 யூரோ என்று கணக்கு வைத்தால், ஒரே பயணத்தில் சந்தாவில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். மலை மீட்புச் செலவுக்கான காப்பீடும் அந்தச் சந்தாவிலேயே அடக்கம். எனக்கு அதுதான் பெரிய காரணம். ரொக்கமாக ஆளுக்கு 250 யூரோ எடுத்துப் போனோம், கார்டு எந்திரம் மேலே வேலை செய்யும் என்று நம்பிப் போகக் கூடாது.

பை. தராசில் ஒவ்வொன்றாக வைத்து எழுதிய பட்டியல் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. காலிப் பை 980 கிராம். லைனர் என்கிற துணிப் படுக்கை உறை 140, விடுதிப் போர்வைக்குள் இதைப் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். மழைச்சட்டையும் கால்சட்டையும் 610. பஞ்சு அடைத்த மேல்சட்டை 370. ஹெல்மெட் 290, இடுப்புப் பட்டை 360, இடுப்புப் பட்டையை வடத்தோடு இணைக்கும், அதிர்ச்சி தாங்கும் இரட்டைக் கயிறு 520. தலைவிளக்கு, முதலுதவி, பவர் பேங்க் எல்லாம் சேர்ந்து 700. மாற்றுடை ஒரே ஒரு செட். தண்ணீரும் தின்பண்டமும் சேர்த்தால் காலையில் 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மற்றதில் ஐம்பது, நூறு கிராம் குறைக்க மெனக்கெடுவதைவிட, அடுத்த விடுதிவரை எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று காலையில் சரியாகக் கணக்கிடுவதுதான் தோளுக்கு நல்லது.

நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின இரவு நல்ல மழை. ஸ்லோவேனியச் சுற்றுச்சூழல் நிறுவனமான ஆர்சோ வெளியிடும் மலை வானிலையைத்தான் நாங்கள் பின்பற்றினோம். கிரெடாரிட்சாவில் 1954 முதல் ஆள் இருந்து அளக்கும் நிலையம் அவர்களுடையது. காலையில் வெளுத்துவிடும் என்று போட்டிருந்தது. வெளுத்தது. ஆனால் கோமார்ச்சா காய மதியம் ஆகும். "மச்சான், சுத்திப் போயிடலாம்" என்றார் மைத்துனர். ஒரு நிமிடம்கூட விவாதிக்கவில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்பது ஏற்கெனவே எழுதி வைத்ததுதானே. வோகார் வழியாக ஏறி, ஏரி மேய்ச்சல்வெளி விடுதியில் சூப் குடித்து, பாட்டில் நிரப்பி, 1,850 மீட்டர் அளவில் இருக்கும் ஷ்டாப்ட்சே கணவாய் தாண்டி ஏரிக்கரை விடுதிக்கு இறங்கும்போது மாலை நான்கரை. கருப்பு ஏரியைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர். விடுதியிலிருந்து மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி நின்றுவிடுகின்றன. பிறகு வெறும் கல். லெட்விட்சா ஏரி 1,830 மீட்டரில், சிறுநீரக வடிவத்தில், பள்ளத்தாக்கிலேயே பெரியதும் ஆழமானதுமாக இருக்கிறது. ஆழம் 15 மீட்டர். கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கரையிலிருந்து சில அடி தள்ளி நிறம் சட்டென்று கரும்பச்சைக்கு மாறிவிடும், அங்கே தரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னும் மேலே 1,988-இல் பச்சை ஏரி. பெயருக்கேற்ப ஓரமெல்லாம் பச்சை, வறண்ட மாதத்தில் நன்றாகச் சுருங்கியிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கை 1924-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கிய மனிதர்களை நினைத்து உண்மையாகவே நன்றி சொல்லத் தோன்றியது.

அதற்கு மேலே ஹ்ரிபாரிட்சே. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வெளிர்சாம்பல் கல், குழி, மேடு. நாங்கள் போனபோது மேகம் இறங்கி முப்பது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அங்கே நாங்கள் கடைப்பிடித்த முறை இதுதான்: சிவப்பு வளையம் ஒன்றை எட்டியதும் ஒருவர் அதிலேயே நிற்பார், மற்றவர் அடுத்த வளையத்தைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்த பிறகுதான் நின்றவர் நகர்வார். ஜிபிஎஸ்ஸில் கணவாயின் புள்ளியை முன்பே போட்டு வைத்திருந்தோம், திசை சரிதானா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டோம். கணக்கில் இருந்ததைவிட 50 நிமிடம் கூடுதலாக ஆனது. டோலிச்சில் ரிச்செட் என்ற பார்லிக் கஞ்சி. சைவம் வேண்டுமென்றால் "ப்ரெஸ் மெசா" என்று கேட்க வேண்டும், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் சில இடங்களில் பானையிலேயே இறைச்சி வெந்திருக்கும், அப்போது ஷ்ட்ருக்லி என்ற தயிர்க்கட்டி வைத்த கொழுக்கட்டை வகைதான் துணை. பிளானிகா வந்து சேர்ந்தபோது ஆறு மணி. பகல் முடிய ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

உச்சி நாளில் ஆறு மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பினோம். வடம் தொடங்கும் இடத்தில் கைக்கு உள்ளங்கை தேய்ந்த பழைய தோல் கையுறை. இரட்டைக் கயிற்றின் முனைகளில் உள்ள காராபினர் என்கிற பூட்டுக் கொக்கிகளில் ஒன்று எப்போதும் வடத்தில் இருக்க வேண்டும்: முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டி, அது க்ளிக் என்று பூட்டிய பிறகு இரண்டாவதைக் கழற்ற வேண்டும். பத்து முளைக்குள் கை தானாகப் பழகிவிடுகிறது. வடமே இல்லாத இடங்களும் நடுநடுவே வரும், அங்கே உதிரிக்கல்தான் ஆபத்து. மேலே ஆள் இருந்தால் காத்திருந்தோம். 2,725 மீட்டர் சின்ன ட்ரிக்லாவைத் தாண்டி முகடு குறுகுகிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். எட்டுக்கு முன்னால் போனதால் எதிரே வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உச்சியில் 1895-இல் நிறுவிய அல்யாஷ் கோபுரம், இருவர் மூவர் நிற்கக்கூடிய இரும்பு உருளை. கிரெடாரிட்சாவுக்கு இறங்கும் வழியில் கீழே இருந்து நீண்ட வரிசை ஏறி வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குள் கிரெடாரிட்சா, மதியம் வோட்னிக். மூன்று மணிக்கு உச்சிப்பக்கம் இடித்தது.

கடைசி நாள் முட்டிக்கு உறை போட்டு, இரண்டு கோலையும் ஊன்றி மைத்துனர் மெதுவாக இறங்கினார். ருட்னோ போல்யே பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. வோயே பள்ளத்தாக்கில் மோஸ்ட்னிட்சா ஆறு பாறையைக் குடைந்து ஓடும் இடுக்கு வழியாக ஸ்டாரா ஃபூஜினாவுக்கு வந்தோம்.

அடுத்த முறை மாற்றப் போவது சில. ஏரிக்கரை விடுதிக்குப் பிறகு இரண்டாவது இரவை ப்ரெஹோடாவ்சியில் வைத்து ஒரு நாளை நீட்டுவேன். மேல் ஏரிகளை அவசரமாகக் கடந்துபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை, மேகம் இல்லாத காலைக்காகக் காத்திருக்கவும் அங்கே தங்கினால்தான் முடியும். ஹ்ரிபாரிட்சேக்கு ஓய்வு நேரத்துக்கு மேலே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். கோமார்ச்சாவுக்காக முன்னால் ஒரு வெற்று நாள் விட்டுப் பதிவு செய்வேன், பாறை காய அது போதும். தண்ணீர்க் கணக்கை மாற்ற மாட்டேன்: எந்த நாளும் அரை லிட்டருக்கும் குறைவாக மிச்சமாகவில்லை, ஒரு லிட்டருக்கு மேலும் வீணாகச் சுமக்கவில்லை.